வட்டியில்லாக் கடனும் வேலைப் பங்கும்: பெங்களூரு முஸ்லிம்களுக்கான தொழில் ஆதரவு வரலாறு

பெங்களூரு முஸ்லிம்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். சிவாஜிநகரில் பழைய இரும்புக் கடை, கலாசிபாளையத்தில் லாரி பாடி கட்டும் பட்டறை, ஜே.சி. ரோட்டில் வண்டி உதிரிபாகக் கடை, டேனரி ரோட்டில் தோல் மண்டி, கோரிபாளையத்திலும் பாதராயனபுரத்திலும் வீட்டுத் திண்ணையில் ஊதுவத்தி என்று சொந்தக் கையையும் சிறு முதலையும் நம்பிய பிழைப்பே அதிகம். இந்தச் சமூகத்துக்குக் கிடைத்த தொழில் ஆதரவு இரண்டு வழிகளில் வந்தது. அரசு வேலையிலும் கல்வியிலும் பங்கு கேட்டுப் பெற்றது ஒரு வழி. தொழில் செய்ய முதல் திரட்டிக் கொடுத்தது மற்றொன்று. முதல் வழிக்கு நூறாண்டுக் கால அரசாணைகளும் நீதிமன்றத் தீர்ப்புகளும் உண்டு. இரண்டாவது ஜமாஅத்துகள், கூட்டுறவு வங்கி, அரசுக் கழகம், தனியார் நிறுவனம் என்று பல கைகளுக்கு மாறியது. அதிக மக்களுக்குத் தேவைப்பட்டது இரண்டாவதுதான். அடிக்கடி உடைந்ததும் அதுதான்.

'பெங்களூரு முஸ்லிம்கள்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் இவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவர்கள். பழைய நகரமான பேட்டையில் தக்னி உருது பேசுவோர் பீஜப்பூர், மைசூர் ஆட்சிக் காலங்களிலிருந்தே இருந்தனர். ஆற்காட்டுப் பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் லப்பை, ராவுத்தர் குடும்பங்கள் பட்டாளத்தின் பின்னே வந்தன. கட்ச்சி மேமன்கள் துணி, மளிகை, லேவாதேவி என்று பெருவணிகத்தில் இறங்கினர். மலபாரிலிருந்து வந்த மாப்பிள்ளைமார் தேநீர்க் கடையும் ஹோட்டலும் நடத்தினர். தென் கன்னடத்து பியாரிகள் பின்னால் வந்தவர்கள். ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தனி ஜமாஅத், தனி உதவி நிதி. தன் ஜமாஅத்தில் கேட்டால் கிடைக்கும் கடன் அடுத்த ஜமாஅத்தில் கேட்டால் கிடைக்காது. நகரம் முழுவதற்குமான ஒரே அமைப்பு உருவாக இத்தனை காலம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பீஜப்பூர் சுல்தானின் தளபதி ரணதுல்லா கான் 1638-இல் பெங்களூருவைக் கைப்பற்றினார். அதன்பின் கோட்டைப் பணியோடு சேர்ந்து குதிரை, ஆயுதம், தோல், துணி வேலைகளும் வளர்ந்தன. ஹைதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில் அரசே தொழில் நடத்தியது. திப்பு வங்காளத்திலிருந்து பட்டுப்புழு வளர்ப்பைக் கொண்டுவந்தார். கார்கானாக்கள் எனப்பட்ட அரசுப் பட்டறைகளில் ஆயுதங்களும் துணியும் காகிதமும் உருவாயின. பெங்களூருவின் தாராமண்டலப் பேட்டை அவருடைய ராக்கெட் தயாரிப்போடு சேர்த்துப் பேசப்படும் இடம். 1790-களில் அவர் வகுத்த வணிக விதிகளில் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு. அரசு நடத்தும் வணிகத்தில் குடிமக்கள் பணம் போடலாம். சிறு தொகை போட்டவருக்கு லாப விகிதம் அதிகம், பெரும் தொகை போட்டவருக்குக் குறைவு. ஏழைக்கு வட்டி என்ற பெயரில்லாமல் லாபத்தில் பங்கு தர வேண்டும் என்ற எண்ணம் இந்நகரத்தின் பிற்கால வரலாற்றில் திரும்ப வந்தது. அது நல்லபடியாக முடியவில்லை.

1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் படைவீரர்களும் பட்டறைக்காரர்களும் ஒரே அடியில் வேலை இழந்தனர். புதிய வேலை பத்து ஆண்டுகளில் வேறொரு பட்டாளத்தோடு வந்தது. 1809-இல் பிரிட்டிஷார் தங்கள் படையைப் பேட்டைக்கு வடகிழக்கே நிறுத்தினர். ஊரார் 'தண்டு' என்று அழைத்த அந்தக் கன்டோன்மென்டுக்கு இறைச்சி, ரொட்டி, சீருடை, சேணம், குதிரை, விறகு எல்லாம் தேவைப்பட்டன. இன்றைய கமர்ஷியல் ஸ்ட்ரீட்டின் தையல்காரர்களும் துணிக்கடைகளும் சிவாஜிநகரின் கசாப்புக் கடைகளும் அந்தத் தேவையில் வேர்விட்டவை. ஷீராஸ் நகரிலிருந்து 1824-இல் பதினாறு வயதில் குதிரைகளோடு வந்த ஆகா அலி அஸ்கர், மைசூர் அரண்மனைக்கும் பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கும் குதிரை விற்றுச் செல்வந்தரானார்; பங்களாக்கள் பல கட்டினார். ரிச்மண்ட் டவுனில் ஜான்சன் மார்க்கெட் நிற்கும் இடம் ஒருகாலத்தில் அவருடைய குதிரை லாயம். அவர் பேரன் மிர்ஸா இஸ்மாயில் பின்னாளில் மைசூரின் திவான் ஆனார்.

மேமன் வணிகர் ஹாஜி சர் இஸ்மாயில் சேட்டின் (1859–1934) கதையும் ஏறத்தாழ இதே போக்குதான். வணிகத்திலும் வங்கித் தொழிலிலும் ஈட்டிய பணத்தைக் கொண்டு சிவாஜிநகரில் கோஷா (பர்தா) முறை காக்கும் பெண்களுக்கென மருத்துவமனை எழ உதவினார். பிரேசர் டவுன் மசூதித் தெருவில் உள்ள பள்ளிவாசல் இன்றும் அவர் பெயர் தாங்கியது. 1927-இல் எழுந்த ரஸல் மார்க்கெட் 1933-இல் அவர் கையால் திறந்துவைக்கப்பட்டது. அந்த மார்க்கெட்டின் காய்கறி, பழம், மீன், இறைச்சிக் கடைகளில் பல தலைமுறைகளாகவே முஸ்லிம் வியாபாரிகள் இருந்துவருகிறார்கள்.

அந்தக் காலத்தில் ஆதரவு என்பது பெரும்பாலும் இத்தகைய தனிமனிதர்களின் கொடையே. சேட்டின் கடையில் கணக்கு எழுதப் பழகியவன் பிறகு தானே கடை வைத்தான். முதல் சரக்கைச் சேட் கடனுக்குக் கொடுத்தார். பள்ளிவாசலுக்கு வக்ஃபாக எழுதிவைத்த கட்டடங்களின் தரைத்தளத்தில் கடைகள். அவற்றைக் குறைந்த வாடகைக்கு எடுத்தவர்கள் பிழைத்தார்கள். ரமலான் மாதத்து ஜக்காத், விதவைக்குத் தையல் இயந்திரமாகவும் கூலிக்காரனுக்குத் தள்ளுவண்டியாகவும் மாறியதுண்டு. வட்டி வாங்காமல் கொடுக்கும் 'கர்ழே ஹசனா' கடன் ஜமாஅத் பெரியவர்களின் வாய்ச்சொல்லில் நடந்தது. பக்ரீத் குர்பானித் தோலை மதரஸாவுக்கும் அநாதை இல்லத்துக்கும் கொடுப்பார்கள். அவற்றை நடத்துவோர் அதைத் தோல் மண்டியில் விற்று ஆண்டுச் செலவின் ஒரு பகுதியைத் தேற்றுவார்கள். இந்த ஏற்பாடுகளில் ஈரம் இருந்தது, கணக்கேடு இல்லை. கொடுத்தவர் மறைந்தாலோ அவர் வாரிசுகள் பிரிந்தாலோ உதவியும் நின்றுபோயிற்று.

1881-இல் மைசூர் அரசு உடையார் வம்சத்திடம் திரும்பியபோது கன்டோன்மென்ட் பகுதியைப் பிரிட்டிஷார் தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஒரே நகரத்து முஸ்லிம்களில் பேட்டைக்காரர்கள் மகாராஜாவின் குடிகள். தண்டுக்காரர்கள் ரெசிடென்டின் ஆட்சியில் இருந்தவர்கள். இந்தப் பிளவு 1947 வரை நீடித்தது. வேலைப் பங்கு கேட்கும் அரசியல் பேட்டைப் பக்கத்தில்தான் உருவானது. பிராமணரல்லாதாரான லிங்காயத்துகள், ஒக்கலிகர்கள் முதலானோரும் முஸ்லிம்களும் சேர்ந்து 1917-இல் பிரஜா மித்ர மண்டலி என்ற அமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு அவர்கள் தூதாக மகாராஜாவிடம் சென்று, அரசுப் பணிகள் ஒரே சமூகத்தின் கையில் குவிந்திருப்பதை எடுத்துரைத்தனர். நான்காம் கிருஷ்ணராஜ உடையார், மைசூர் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். தகுதியைக் காட்டி எதிர்த்த திவான் விஸ்வேஸ்வரய்யா பதவி விலகினார். 1919-இல் வந்த மில்லர் குழு அறிக்கை, ஏழு ஆண்டுகளுக்குள் உயர்பதவிகளில் பாதியும் கீழ்ப்பதவிகளில் மூன்றில் இரண்டு பங்கும் பிற சமூகங்களுக்குப் போக வேண்டும் என்றது. 1921-இல் அது அரசாணையாயிற்று. சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி அரசு வகுப்புவாரி ஆணை கொண்டுவந்ததும் அதே ஆண்டுதான்.

மில்லர் ஆணையால் குமாஸ்தா, ஆசிரியர், போலீஸ் வேலைகளில் சில நூறு குடும்பங்கள் ஏறியிருக்கலாம். ஆங்கிலப் பள்ளிக்கே போகாதவனுக்கு அது எட்டாக்கனி. 1926 முதல் 1941 வரை திவானாக இருந்த மிர்ஸா இஸ்மாயிலும் தம் சமூகத்துக்கெனத் தனி ஏற்பாடு செய்யும் போக்குடையவர் அல்லர். தொழிற்சாலைகள் பெருகினால் எல்லாருக்கும் வேலை வரும் என்பது அவர் கணக்கு. பீங்கான் ஆலை, மின்விளக்கு ஆலை, 1940-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் என்று பெங்களூருவின் தொழில் முகம் அவர் காலத்தில் மாறியது. விடுதலைக்குப் பின் ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று மத்திய அரசு ஆலைகள் வரிசையாக வந்தன. அங்கே சேர எஸ்.எஸ்.எல்.சி.யும் தொழிற்பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். உருதுப் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்போடு நின்று பட்டறைக்குப் போன பையனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அதே கையால் அவன் மோட்டார் பிரித்துப் பூட்டினான். சான்றிதழ் மட்டும் இல்லை.

இந்தக் கைத்தொழில்களுக்கு எவ்வளவு பணம், எப்போது தேவை என்பதை ஓரிரு தொழில்களைக் கிட்ட வைத்துப் பார்த்தால்தான் ஆதரவு எங்கே தவறியது என்பது புரியும். பெங்களூருவிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவிலுள்ள ராமநகரம், வடக்கே சிட்லகட்டா ஆகிய ஊர்களில் பட்டு நூற்பாளர்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். விவசாயி கொண்டுவரும் பட்டுக்கூடு அரசு அங்காடியில் காலையில் ஏலம் போகும். ஏலம் எடுத்தவர் பணத்தை அன்றே கட்ட வேண்டும். கூட்டை அதிக நாள் வைத்திருக்கவும் முடியாது. உள்ளிருக்கும் புழு அந்துப்பூச்சியாகித் துளைத்து வந்துவிட்டால் இழை அறுந்து கூடு வீணாகும். வெந்நீரில் போட்டு, நுனி எடுத்து, சர்க்காவில் சுற்ற வேண்டும். கலப்பினக் கூடு ஏழெட்டுக் கிலோ எடுத்தால் ஒரு கிலோ கச்சாப் பட்டு தேறும். அந்தப் பட்டை பெங்களூரு பட்டுச் சந்தையில் விற்றுப் பணம் கைக்கு வரச் சில நாளாகும். மறுநாள் கூடு வாங்கவோ இன்று பணம் வேண்டும். ஆகவே நூற்பாளருக்கு லாபத்தைவிட, இடைப்பட்ட சில நாட்களுக்கான ரொக்கமே உயிர்நாடி. அதை நூல் வியாபாரி முன்பணமாகக் கொடுப்பான். பதிலுக்குப் பட்டைத் தன்னிடமே, தான் சொல்லும் விலைக்குக் கொடுக்கச் சொல்வான். இந்தப் பிடியைத் தளர்த்தவே 1979-இல் கர்நாடகப் பட்டு விற்பனை வாரியம் தொடங்கப்பட்டது. விலை சரியும்போது வாரியம் கொள்முதல் செய்தால் நூற்பாளர் மூச்சு விடுவார். வாரியத்திடம் பணம் இல்லாத ஆண்டில் பழைய வியாபாரியிடமே திரும்புவார்.

ஊதுவத்தியின் கதை இன்னும் சிறியது. கரித்தூளையும் ஜிகட் என்ற பசைத்தூளையும் பிசைந்து, மூங்கில் குச்சியில் உருட்டி, காயவைத்துக் கொடுக்க வேண்டும். ஆயிரம் குச்சிக்கு இவ்வளவு என்று கூலி. பெங்களூருவின் நெரிசலான குடியிருப்புகளில் கோஷா முறையால் வெளிவேலைக்குப் போகாத பெண்கள் இதை வீட்டிலேயே செய்தனர். மூலப்பொருள் முகவர் கொடுப்பார், எண்ணி வாங்குவதும் அவரே. உடைந்த குச்சிக்குக் கூலி கழியும். அவர்கள் எந்தக் கம்பெனியின் பதிவேட்டிலும் இல்லை. வருங்கால வைப்புநிதியும் இல்லை. இயந்திரத்தில் உருட்டிய வியட்நாம் குச்சி மலிவாக வந்து குவிந்தபோது முதலில் கூலி இழந்தவர்கள் இவர்களே. 2019 ஆகஸ்டில் மத்திய அரசு ஊதுவத்தி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதற்குள் உள்ளூரிலேயே இயந்திரங்கள் வந்துவிட்டன.

இத்தகையவர்களுக்குத் தேவைப்பட்டது சில ஆயிரங்களே. வங்கிக்குப் போனால் சொத்துப் பத்திரம் கேட்பார்கள். தண்டல்காரரிடம் போனால் காலையில் கொடுத்து மாலையில் வட்டியோடு வசூலிப்பார். வட்டி ஹராம் என்ற மார்க்க விதி வேறு நடுவில் நின்றது. வட்டி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் பாவம் என்று நம்பியவர் தவிர்க்க முடியாமல் வட்டி கட்டிக்கொண்டே மனம் உறுத்திக்கொண்டிருந்தார். வசதியுள்ளவர்களோ வங்கியில் சேர்ந்த வட்டியைத் தொட மறுத்து, சேமிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். ஒருபுறம் முடங்கிய பணம், மறுபுறம் முதலில்லாத உழைப்பு. இரண்டையும் இணைக்க ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

அந்த நிறுவனத்தைக் கட்ட முயன்றவர்களில் முதன்மையானவர் திருச்சிராப்பள்ளியில் 1935-இல் பிறந்த டாக்டர் மும்தாஜ் அகமது கான். சென்னையில் மருத்துவம் படித்து, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்று, 1965-இல் பெங்களூருவுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டே, முப்பத்தொரு வயதில், அல்-அமீன் கல்விச் சங்கத்தைத் தொடங்கினார். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் தோல் வணிகர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே முஸ்லிம் கல்விச் சங்கங்கள் அமைத்துப் பள்ளியும் கல்லூரியும் நடத்திவந்தனர். பெங்களூருவுக்கு அந்த முன்மாதிரி பக்கத்து மாநிலத்தில், ரயிலில் சில மணி நேரத் தொலைவில் இருந்தது. லால்பாக் அருகே எழுந்த அல்-அமீன் கல்லூரியைத் தொடர்ந்து பள்ளிகள், மருந்தியல் கல்லூரி, 1984-இல் பீஜப்பூரில் மருத்துவக் கல்லூரி என்று சங்கம் விரிந்தது. மருத்துவத் தொழிலை விட்டுவிட்டு உண்டியல் ஏந்தி வீடுவீடாகப் போன டாக்டர் என்று ஊர் அவரைப் பேசியது. 2021 மே 27 அன்று அவர் காலமானார். அந்தக் கல்லூரிகளில் படித்தவர்கள் கணக்காளராகவும் மருந்தாளுநராகவும் மென்பொருள்காரராகவும் ஆனார்கள். வேலைவாய்ப்பு என்ற கண்ணால் பார்த்தால் நகரத்து முஸ்லிம்கள் தாமே செய்துகொண்ட ஏற்பாடுகளில் நிலைத்துப் பலன் தந்தது இதுதான்.

அதே டாக்டரின் முயற்சியில் 1977-இல் உருவான அமானத் கூட்டுறவு வங்கிக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அமானத் என்றால் நம்பி ஒப்படைத்த பொருள். வங்கிக்குப் போகவே தயங்கிய சிறு வியாபாரிகளும் குடும்பப் பெண்களும் அங்கே கணக்குத் தொடங்கினர். உருதுவில் படிவம் நிரப்பலாம், தெரிந்த முகம் கவுன்டரில் இருக்கும். இந்தியச் சட்டப்படி கூட்டுறவு வங்கி வட்டியோடுதான் இயங்க முடியும். அதனால் வட்டிச் சிக்கலை அது தீர்க்கவில்லை. ஆனால் சிறு கடன் கொடுத்தது. நாளடைவில் பெரும் தொகைகள் போதிய ஈடு இல்லாமல் சிலருக்குப் போய், திரும்பி வராமல் தேங்கின. சமூகத்து வங்கி என்ற உரிமை கடன் கேட்பவருக்கு எளிதாயிற்று, வசூலிப்பவருக்குக் கடினமாயிற்று. 2013 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வைப்பாளர்கள் பணம் எடுப்பதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அந்த ஆணை மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. கனரா வங்கியோடு இணைக்கும் யோசனையும் சிக்கலில் மாட்டியது. மகள் திருமணத்துக்கென்று சேர்த்தவர்கள் பாஸ்புத்தகத்தோடு காத்திருந்தார்கள்.

இதற்கிடையே அரசு வழியும் நகர்ந்துகொண்டிருந்தது. ஹாவனூர் ஆணையத்தின் 1975 அறிக்கைக்குப் பின் தேவராஜ் அர்ஸ் அரசு 1977-இல் பிறப்பித்த இடஒதுக்கீட்டு ஆணையில் முஸ்லிம்களும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குள் வந்தனர். 1990-இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி ஆணையமும் அவர்கள் பின்தங்கிய நிலையை உறுதிசெய்தது. 1994-இல் வீரப்ப மொய்லி அரசு '2பி' என்ற பிரிவை வகுத்தது. 1995-இல் தேவ கவுடா அரசு அதை முஸ்லிம்களுக்கான 4% ஒதுக்கீடாக நடைமுறைப்படுத்தியது. பஞ்சடிக்கும் பிஞ்சாரர், நதாஃப் போன்றோர் தனியே முதற்பிரிவில் இருக்கின்றனர். 2பி ஒதுக்கீட்டின் பெரும்பலன் பொறியியல், மருத்துவ இடங்களில் தெரிந்தது. அல்-அமீன் போன்ற பள்ளிகளில் பிளஸ் டூ வரை வந்த பிள்ளைகளுக்கு அடுத்த படி கிடைத்தது. பட்டறைக்காரருக்கும் வத்திக்காரருக்கும் அது நேரடியாகப் பயன்படவில்லை, பிள்ளை படித்தால் ஒழிய.

அவர்களுக்கென வந்தது 1986-இல் மாநில அரசு தொடங்கிய கர்நாடகச் சிறுபான்மையினர் வளர்ச்சிக் கழகம். மத்திய அரசின் தேசியச் சிறுபான்மையினர் கழகம் 1994-இல்தான் வந்தது என்பதைப் பார்த்தால் கர்நாடகம் முந்திக்கொண்டது. சுயதொழிலுக்குச் 'சுவாவலம்பன', கைவினைஞருக்குச் 'சிரமசக்தி', தொழிற்கல்விக்கு 'அறிவு', விவசாயிக்குக் கிணற்றுக்கென 'கங்கா கல்யாண' என்று திட்டங்கள் பெருகின. சிரமசக்தியின் அண்மைக்கால விதிப்படி ரூ.50,000 வரை கடன். பாதித் தொகையை 4% வட்டியோடு 36 மாதங்களுக்குள் கட்டினால் மீதிப் பாதி மானியமாகக் கழியும். தச்சர், வெல்டர், பஞ்சர் கடைக்காரர் ஆகியோருக்குப் பொருத்தமான திட்டம். சன்னபட்டணத்தில் அரக்கு பூசிய மரப் பொம்மை கடையும் கைவினைஞருக்கும் அப்படியே. குறை வேறிடத்தில் இருந்தது. பயனாளிகளைத் தேர்ந்தெடுப்பது சட்டமன்ற உறுப்பினர் தலைமையிலான குழு. ஒரு தொகுதிக்கு ஒதுக்கிய எண்ணிக்கை சொற்பம், விண்ணப்பம் ஏராளம். உள்ளூர்ப் பிரமுகரின் பரிந்துரை இல்லாதவர் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பார். 2013-இல் ஆட்சிக்கு வந்த சித்தராமையா அரசு இத்தகைய கழகங்களின் நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்தது. நொடித்தவர்களுக்கு அது நிம்மதி. ஒழுங்காகக் கட்டி முடித்தவர் ஏமாளியானதாக உணர்ந்ததையும் மறைக்க முடியாது.

2006 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சச்சார் குழு அறிக்கை, இந்திய முஸ்லிம்களில் சுயதொழில் செய்வோர் விகிதம் மற்றவர்களைவிட அதிகம் என்றும், வங்கிக் கடனில் அவர்கள் பங்கு மக்கள்தொகைக்கு ஈடாக இல்லை என்றும் காட்டியது. பெங்களூருவுக்கு அது புதுச் செய்தி அல்ல. 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு வட்டியில்லா வங்கிச் சேவைக்கு இடம் தரலாம் என்று பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கி பல ஆண்டு ஆலோசித்து, 2017-இல் அந்த யோசனையைத் தொடரப்போவதில்லை என்று தெரிவித்துவிட்டது. சட்டப்படி நடக்கும் வட்டியில்லா வங்கிக்கு வழி அடைபட்டது. அந்த இடத்தைச் சட்டத்துக்கு வெளியே நின்றவர்கள் அதற்கு முன்பிருந்தே நிரப்பிக்கொண்டிருந்தார்கள்.

2006-இல் முகமது மன்சூர் கான் தொடங்கிய ஐ மானிட்டரி அட்வைசரி, சுருக்கமாக ஐ.எம்.ஏ., அவர்களில் பெரியது. சிவாஜிநகரில் அலுவலகம். பணம் போடுபவரை வைப்பாளர் என்று சொல்லாமல், வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டாண்மை நிறுவனத்தின் பங்காளி என்று எழுதிக்கொண்டார்கள். வைப்புத்தொகை வாங்குவதற்கான ரிசர்வ் வங்கி விதிகளிலிருந்து தப்ப அது ஒரு வழி. மாதாமாதம் வருவது வட்டி அல்ல, லாபப் பங்கு என்று மார்க்கப் பற்றாளரைத் தேற்றவும் அதுவே வழி. மாதம் 2.5 முதல் 3% வரை கைக்கு வந்தது. எந்த வியாபாரத்திலும் ஆண்டு முழுவதும் அப்படி லாபம் நிற்காது என்பது வியாபாரம் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்து வீட்டில் மாதாமாதம் பணம் வரும்போது கணக்குப் போடுபவர் குறைவு. நகைக்கடை, மருந்துக்கடை, மருத்துவமனை, சூப்பர் மார்க்கெட் என்று கண்ணுக்குத் தெரியும் தொழில்கள் இருந்தன. நகையை அடகு வைத்தால் வட்டியில்லாக் கடன் கிடைத்தது. சிவாஜிநகர் வி.கே. உபைதுல்லா அரசுப் பள்ளியை நிறுவனம் தத்தெடுத்துப் புதுப்பித்தது. பழைய சேட்டுகளின் கொடை மரபை நினைவூட்டும் அந்தப் பள்ளியே பலருக்கு நற்சான்றிதழ் ஆனது.

2019 ஜூனில் மன்சூர் கான் துபாய்க்குத் தப்பிச் சென்றார். அவருடைய ஒலிப்பதிவு ஊரெங்கும் பரவியது. சிவாஜிநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் போலீஸ் கவுன்டர்கள் போட்டுப் புகார் வாங்கியது. 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன, தொகை ரூ.4,000 கோடி வரை மதிப்பிடப்பட்டது. ஆட்டோ ஓட்டுநர், வளைகுடாவிலிருந்து திரும்பியவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கணவரை இழந்த பெண் என்று வரிசை நீண்டது. ஜூலை 19 அன்று டெல்லி விமான நிலையத்தில் அவர் கைதானார். வழக்கு பிறகு சி.பி.ஐ.க்குப் போனது. 2018-இலேயே பெங்களூருவில் ஆம்பிடென்ட் என்ற நிறுவனம் இதே வகையில் விழுந்திருந்தது. ஹைதராபாதை மையமாகக் கொண்ட ஹீரா கோல்டும் அப்படியே. எச்சரிக்கை இல்லாமல் இல்லை. வைப்பாளர் நலன் காக்கும் 2004-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டப்படி அரசு அதிகாரி ஒருவர் பொறுப்பேற்று, சொத்துகளை முடக்கி, சிறு தொகை போட்டவர்களுக்கு முதலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார். பலருக்கு முழுத் தொகை திரும்பவில்லை.

இந்தச் சரிவுகளுக்கு நடுவே வெளியார் உதவியில்லாமல் எழுந்ததற்கும் உதாரணம் உண்டு. 2012 பிப்ரவரியில் ரஸல் மார்க்கெட்டில் விடியற்காலைத் தீ விபத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. கட்டடத்தை இடித்து வணிக வளாகம் கட்டும் பேச்சு முன்னரே உலவியதால், இடத்தைக் காலி செய்தால் திரும்பக் கிடைக்காது என்று வியாபாரிகள் அஞ்சினர். சங்கம் கூடி, தாமே பணம் போட்டுக் கடைகளைச் சீரமைத்து வியாபாரத்தைத் தொடர்ந்தனர். ஒருவரையொருவர் தினமும் பார்க்கும் சங்கத்தில் யார் எவ்வளவு போட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். அமானத்திலும் ஐ.எம்.ஏ.யிலும் இல்லாமற்போனது அதுதான்.

2020-இல் ஊரடங்குக்குப் பின் மத்திய அரசு தெருவோர வியாபாரிகளுக்கு ரூ.10,000 கடன் தரும் ஸ்வநிதி திட்டத்தைக் கொண்டுவந்தது. தொகை அளவில் அது தள்ளுவண்டிக்காரருக்குப் பொருந்தியது. ஆனால் அதைப் பெற மாநகராட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ தேவைப்பட்டது. 2023-இல் மாநில அரசு, சிறுபான்மை இளைஞர் ஆட்டோ, டாக்சி, சரக்கு வண்டி வாங்க விலையில் பாதி, அதிகபட்சம் ரூ.3 லட்சம் மானியம் தரத் தொடங்கியது. ஓட்டுநர் தொழிலில் ஏற்கனவே நெரிசல் மிகுந்த நகரத்தில் இன்னும் வண்டிகளைச் சேர்ப்பது எவ்வளவு நாள் பிழைப்பு தரும் என்பது கேள்விக்குறி.

வேலைப் பங்கின் பாதையும் இப்போது சிக்கலாகிவிட்டது. 2023 மார்ச்சில் பசவராஜ் பொம்மை அரசு 2பி ஒதுக்கீட்டை ரத்து செய்து, அந்த 4 சதவீதத்தை ஒக்கலிகர்களுக்கும் லிங்காயத்துகளுக்கும் பிரித்துக்கொடுத்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியபோது, இப்போதைக்கு நடைமுறைப்படுத்தமாட்டோம் என்று அரசு உறுதி கூறியது. பழைய ஒதுக்கீடு தொடர்ந்தது. 2025 மார்ச்சில் சித்தராமையா அரசு, ரூ.2 கோடி வரையான அரசுக் கட்டுமானப் பணிகளிலும் ரூ.1 கோடி வரையான பொருள், சேவைக் கொள்முதலிலும் 2பி பிரிவினருக்கு 4% ஒதுக்கும் சட்டத்திருத்த மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. வேலைப் பங்கு என்று தொடங்கியது நூறாண்டு கழித்துத் தொழில் பங்காக மாறிய இடம் இது. ஏற்கனவே காலூன்றிய ஒப்பந்தக்காரருக்கு இது கை கொடுக்கும். ராமநகரத்து நூற்பாளருக்கு அன்றாடம் தேவைப்படும் சில நாள் ரொக்கம் இந்த மசோதாவின் எல்லைக்குள் வராது. ஆளுநர் தாவர்சந்த் கெலாட் கையெழுத்திடாமல், மசோதாவை 2025 ஏப்ரலில் குடியரசுத் தலைவரின் முடிவுக்கு அனுப்பிவைத்தார்.